தேர்தலுக்கு அடுக்கிய பெட்டி

எண்பத்து நான்காம் ஆண்டு ஆனி மாதம், ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நடந்த ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி விடியவே பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள். அவள் பாரிசுக்கு வந்து சில வாரங்கள்தான். முந்திய ஆண்டு ஆடிக் கலவரத்தில், கொழும்பில் பக்கத்து வீடு எரிவதை மதிலோரம் பதுங்கிக் கிடந்து பார்த்தவள். ‘இங்கே பயமில்லை, வா’ என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதிக் கூப்பிட்டவன் நான். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதே அன்று எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

லா சப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். நாட்டை ஐரோப்பாவுக்குள் கரையவிடக் கூடாது, வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற கட்சியின் சுவரொட்டி. அதை அவளுக்கு வாசித்துக் காட்டிய மடையனும் நான்தான்.

“தேர்தல் முடிஞ்சாப் பிறகுதானே எங்கட ஆக்களுக்கு அடி விழுறது,” என்றாள்.

“இது அந்த நாடில்லையப்பா. இஞ்சை ஆக்கள் வோட்டுப் போட்டிட்டு வீட்டை போய்ச் சாப்பிடுவினம். சும்மா இரும்.”

சொன்னேனே தவிர, என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இறங்கி மெத்ரோப் பாலத்தடிக்குப் போனேன். எங்கள் பெடியள் அங்கே கூடி நின்றார்கள். ஒருவன் இரண்டு மூட்டை அரிசி வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னான். விழுந்து விழுந்து சிரித்தேன். திரும்பும் வழியில் நானும் ஒரு மூட்டை வாங்கினேன்.

பின்னேரம் முழுவதும் யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். தண்ணீரை வெட்டிவிடுவார்கள் என்று அவள் வாளி, சட்டி, கழுவுதொட்டி எல்லாவற்றிலும் நிரப்பினாள். தெருவில் யாரோ கூச்சலிட இருவரும் யன்னலுக்கு ஓடினோம். குடித்துவிட்டுப் போகிற ஒருவன். குழாய் திறந்தபடியே கிடந்ததை இருவருமே மறந்துபோனோம்.

கீழ்வீட்டுத் தொலைக்காட்சி முடிவுகளைச் சொல்லத் தொடங்கியது. அந்தக் கட்சிக்கு யாரும் எதிர்பாராத அளவு வாக்கு. கீழே கைதட்டல் கேட்டது. கொஞ்சத்தில் படியில் காலடிச் சத்தம், அதன்பின் கதவில் தடதடவென்று அடி.

“வந்திட்டாங்கள்,” என்று என் சட்டையைப் பிடித்தாள். அடுப்படியில் கிடந்த தாச்சிச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

கீழ்வீட்டுக் கிழவர். தோள் நனைந்திருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தவரின் கண் பெட்டிகளில் விழுந்தது.

“போகிறீர்களா?”

அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அத்தனை மாதங்களில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். தண்ணீர் தானாகக் காய்ந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்றார். படி ஒடுக்கம், ஒரு பக்கம் தான் பிடிப்பதாகச் சொல்லிக் குனிந்து பெரிய பெட்டியைத் தூக்கியும் விட்டார்.

“என்னவாம்?” என்றாள் மனைவி.

“பெட்டி தூக்கித் தாறாராம்.”

அவள் கை என் சட்டையை விட்டது. அடிக்க யாரும் வரவில்லை. நான் கடிதங்களில் எழுதியது பொய்யுமில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது. அவர் ஒரு குத்து விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

“நாங்கள் போகவில்லை. இங்கேதான் இருக்கிறோம்,” என்றேன்.

பெட்டியைக் கீழே வைத்தார். தன் வீட்டு முகட்டால் எங்கள் தண்ணீர் ஒழுகுவது அப்போதுதான் அவருக்கு மறுபடி ஞாபகம் வந்தது. கத்தத் தொடங்கினார்.