சேலத்துக்கு லாரியில் வந்த கடல்

1. கண்ணாடி

தொட்டியில் முக்கால் அளவு தண்ணீர் ஏறியதும் கண்ணாடி மெல்ல முனகியது. "என்னுங்க சத்தம் அது?" என்று முதலாளி கிட்டே போய்க் குனிந்தார். நான் பதில் சொல்வதற்குள் கண்ணாடி நடுவில் பிளந்து, மொத்தத் தண்ணீரும் அவர் மேல் வந்து விழுந்தது. நல்லவேளை, துண்டுகள் காலுக்குக் கீழே போயின. முதலாளி மட்டும் உட்கார்ந்தபடியே பத்தடி பயணம் செய்து டிரில்லிங் மெஷின் பக்கம் போய் நின்றார். அவருடைய ஒரு செருப்பை மறுநாள் கரிக்குவியலில் கண்டெடுத்தோம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாமக்கல்லில் ஒரு லாரி பாடி பட்டறையில் நான் மேஸ்திரி. பெயர் அந்தோணி, சேலம் டவுன்காரன். முதலாளி பழனியப்பனுக்கு மோகனூர் பக்கம் பெரிய தோட்டம் உண்டு. முட்டைகூடத் தொடாத சைவர். அப்படிப்பட்டவர் பம்பாய்க்கு ஒரு வேலையாகப் போனபோது அங்கே கடல்மீன் காட்சிச்சாலையைப் பார்த்துவிட்டார். சேலம் பொருட்காட்சியில் எங்கள் பட்டறைக்கு ஒரு ஸ்டால் எடுத்திருந்தோம். புது லாரி பாடியைப் பார்க்க யார் வருவார்கள்? சுறா இருந்தால் வருவார்கள். இது அவர் கணக்கு.

"லாரி கேபின் கட்டறீங்கல்ல, அதே மாதிரி நாலு பக்கமும் கண்ணாடி போட்டுத் தண்ணி ஊத்துங்க. அவ்வளவுதானுங்க மேஸ்திரி" என்றார்.

நானும் அவ்வளவுதான் என்று நினைத்து, லாரி முன்கண்ணாடிக்குப் போடும் கால் அங்குலக் கண்ணாடியையே போட்டேன். காற்று தள்ளுவதும் தண்ணீர் தள்ளுவதும் ஒன்றில்லை. தண்ணீர் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு அடிப்பக்கத்தில் தள்ளும். இதைப் புத்தகத்தில் படித்திருக்கலாம். நான் முதலாளியை வைத்துக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது தொட்டியைப் பொருட்காட்சித் திடலிலேயே செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டினோம். எட்டடி நீளம், நாலடி அகலம், மூன்றடி ஆழம். முன்பக்கம் மட்டும் மூன்று ஜன்னல். தடிக் கண்ணாடி, தேக்குச் சட்டம், ஓரமெல்லாம் தார். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும் என்பதால் இரும்பு ஆங்கிள் சட்டமே வைக்கவில்லை. புது சிமெண்டின் காரம் போக மூன்று வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி நிரப்பினோம். திடலைக் கடந்து போனவர்கள் குளிக்கலாமா என்று கேட்டார்கள். இரண்டு பேர் கேட்காமலே குளித்தார்கள்.

2. கடல்

கடல் தண்ணீருக்கு நாங்கள் போன இடம் பரங்கிப்பேட்டை. ஒரு லாரியின் பின்பக்கத்தைப் பலகைத் தடுப்புகளால் பிரித்து, உள்ளே தார்ப்பாய் விரித்துப் பெட்டிபோல ஆக்கியிருந்தேன். தடுப்பு இல்லாவிட்டால் பிரேக் போடும்போதெல்லாம் மொத்தத் தண்ணீரும் டிரைவர் முதுகில் வந்து மோதும். மீன்களுக்கு நான்கு மரத்தொட்டிகள். காற்றுக்கு லாரி டியூபுகள். டியூபில் நிறையக் காற்றடித்து, வால்வை லேசாகத் திறந்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் விட்டால் ஒரு மணி நேரம் குமிழி வரும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மீன் பிடித்துத் தந்தவர் சிங்காரம். தூண்டில்காரர், சொற்களை எண்ணிப் பேசுபவர். மூன்று களவா மீன்களை வைத்திருந்தார். பெரியது என் கை நீளம். அதன் வாய்க்குள் ஒரு தேங்காய் போகும். பாறை இடுக்கில் வாழும் அஞ்சாளை இரண்டு. பாம்புபோல உடம்பும், எப்போதும் யாரையோ திட்டிக்கொண்டே இருப்பதுபோல் திறந்து மூடும் வாயும் அவற்றுக்கு. இவையெல்லாம் எதையும் தாங்கும் என்றார்.

"சுறா எங்கீங்க?" என்றார் முதலாளி.

சிங்காரம் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "மேஸ்திரி, சுறா நீந்திக்கிட்டே இருந்தாத்தான் மூச்சு விடும். இந்தத் தொட்டியில திரும்பவே எடமில்ல. ஆத்தூரு தாண்டாது."

"அவரு என்ன சொல்றாருங்க?" என்று முதலாளி என்னிடம் கேட்டார். அவர் காதில் நன்றாகவே விழுந்திருந்தது. என் வாயிலிருந்து வேறொன்று வரட்டும் என்று காத்திருந்தார்.

எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும், "பாத்துக்கலாமுங்க முதலாளி" என்றேன்.

சிங்காரம் மூன்றடிச் சுறாக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டுவிட்டு, தன் துண்டை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினார். மீன்களை விட்டுப் போக மனம் வரவில்லை என்று பிறகு சொன்னார்.

3. சுறா

அது ஆத்தூர்வரைகூட வரவில்லை. சின்னசேலத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது பார்த்தேன். வயிற்றைக் காட்டி மிதந்தது. சிங்காரம் அதைத் தூக்கிச் சாலையோரம் புதைக்கப் போனார். முதலாளி தடுத்தார்.

"இருக்கட்டுமுங்க. நோட்டீசுல சுறான்னு அடிச்சாச்சு."

மறுநாள் காலை பொருட்காட்சி திறக்கும்போது செத்த சுறா தொட்டியின் நடுவே மிதந்தது. மேலே குறுக்குக் கட்டையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பி. கட்டியவன் நான். லாரிக்கு ஹார்ன் மாட்டுவதுபோல் சுத்தமாகக் கட்டியிருந்தேன். குமிழி பட்டு அது லேசாக அசைந்தபோது நிஜம்போலவே இருந்தது.

கூட்டம் நெருக்கியது. எடப்பாடியிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டார். "ஏனுங்க, அது நவரவே இல்லீங்களே?"

"தூங்குதுங்க. சுறா பகல்ல தூங்கும்."

"கண்ணு தொறந்திருக்குதுங்களே?"

"அப்படித்தானுங்க தூங்கும்."

பக்கத்திலிருந்த வெண்ணந்தூர்க்காரர், "எங்க மச்சானும் அப்படித்தானுங்க" என்று எனக்குத் துணை நின்றார்.

மாலையில் பெரிய அஞ்சாளை, ஒளிந்துகொள்ள நாங்கள் போட்டிருந்த மண்குழாயிலிருந்து வெளியே வந்து சுறாவின் வாலைக் கவ்வியது. கவ்வியபடியே உடம்பை முறுக்கிச் சுழன்றது. ஒரு கம்பி அறுந்தது. சுறா தலைகீழாகி வந்து கண்ணாடியில் மோதியது. கூட்டம் சண்டை என்று நினைத்துக் கைதட்டியது. முதலாளி என் காதருகே வந்து, "நாளைக்கும் இதே நேரத்துக்குச் செய்யுமுங்களா?" என்று கேட்டார்.

சிங்காரம் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பியை மறுபடி கட்டினேன்.

4. பால்மானி

அடுத்த நாள் பகலுக்குள் தண்ணீர் கஞ்சிபோலக் கலங்கிவிட்டது. சுறா அழுகினால் கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி வரும். ஸ்டால் முழுக்க அது வந்தது. அஞ்சாளை இரண்டும் குழாய்க்குள்ளேயே செத்துக் கிடந்தன. மூன்று களவாவும் மேலே வந்து, வாயை அகலத் திறந்து திறந்து மூடின. பெரியது ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் என்னைத்தான் பார்ப்பதுபோல் இருந்தது. நான் சுறாவை வெளியே இழுத்துப் போட்டேன். முதலாளியிடம் கேட்கவில்லை.

"பாதித் தண்ணிய மாத்தணும்" என்றார் சிங்காரம். "இல்லன்னா சாயங்காலத்துக்குள்ள மூணும் போயிரும்."

கடலோ ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்தது. "கெணத்துத் தண்ணில கல்லுப்பைக் கரைச்சு ஊத்தினா?" என்று கேட்டேன்.

"ஊத்தலாம். அளவு தப்பினா அதுவே கொன்னுரும்."

அளவுக்கு இருவரும் தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தோம். அவர் ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். முதலாளி வாய் வைக்க மறுத்துவிட்டார். அது மீன் கிடந்த தண்ணீர், அவர் சைவம்.

அப்போதுதான் என் மைத்துனன் நினைவுக்கு வந்தான். அவன் டவுனில் ஒரு கான்வென்ட் ஹாஸ்டலுக்குப் பால் ஊற்றியவன். அங்கே சமையல் பொறுப்பில் இருந்த சிஸ்டர் மார்த்தா ஒரு கண்ணாடிக் குச்சியைப் பாலில் மிதக்கவிட்டு, அதிலுள்ள எண்ணைப் படித்து, கலந்த தண்ணீரைக் கண்டுபிடித்து அவனை வெளியே அனுப்பியவர். பாலின் அடர்த்தியை அளக்கும் குச்சி உப்புத் தண்ணீரின் அடர்த்தியை அளக்காதா?

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். சிஸ்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "பால்மானிய வெளியில குடுக்கிறதில்ல. நானே வர்றேன்" என்று ஒரு ஜட்காவில் ஏறினார்.

முதலில் தொட்டித் தண்ணீரை ஒரு செம்பில் மொண்டு குச்சியை விட்டார். இருபத்தைந்தில் நின்றது. "ஒன் மச்சான் ஊத்தின பால் இருபது" என்றார் என்னிடம். "கடல் பரவாயில்ல, அந்தோணி."

இனி எங்களுக்கு வேண்டியது அந்த இருபத்தைந்துதான். தண்ணீர் வண்டிகளில் கிணற்றுத் தண்ணீர் வந்தது. உப்பைக் கொட்டிக் கரைத்து, வேட்டித்துணியில் வடிகட்டி, வண்டி வண்டியாக அளந்தோம். சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து உத்தரவு போட்டார். "இன்னும் போடு. இன்னும். நிறுத்து. ஜாஸ்தியாயிடுச்சு, ரெண்டு குடம் நல்ல தண்ணி விடு." பழைய தண்ணீரைக் கீழே திறந்துவிட்டு, புதியதை மேலிருந்து குடம் குடமாக, அவசரப்படாமல் ஊற்றினோம். முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடம் தூக்கினார். காட்சி என்னவோ நிற்கவில்லை. செத்த சுறாவைவிட இதற்குத்தான் கூட்டம் அதிகம்.

சின்னக் களவா ஒன்று எங்கள் கண் முன்னாலேயே போயிற்று. மற்ற இரண்டும் நாலு மணி வாக்கில் மெல்லக் கீழே இறங்கின. பெரியது தரையில் படுத்து, செவுளை நிதானமாக அசைத்தது. சிங்காரம் ஒரு கெண்டையைப் போட்டார். அது சிறிது நேரம் யோசித்தது. பிறகு வாயைத் திறந்தது. கெண்டையைக் காணவில்லை.

"சாப்புட்டுதுங்களா?" என்றார் முதலாளி. சைவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

5. ஆகாது

பொருட்காட்சி முடிந்ததும் அந்த இரண்டையும் பரங்கிப்பேட்டைக்கே கொண்டுபோய் விட்டோம். சில மாதம் கழித்து முதலாளி பட்டறைக்குள் வந்தார். கையில் படம் போட்ட பத்திரிகை.

"மேஸ்திரி, அடுத்த வருசத்துக்குப் பெரிய கடலாமை கொண்டாந்தரலாமுங்களா?"

"ஆகாதுங்க" என்றேன்.

சுத்தியல் சத்தம் நின்றது. அந்தப் பட்டறையில் அதுவரை யாரும் அவரிடம் சொல்லாத சொல் அது.

"ஏனுங்க?"

காரணங்களைச் சொன்னேன். எவ்வளவு இடம், எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் தாங்கும் என்றெல்லாம். முழுக்கக் கேட்டார். பத்திரிகையை மடித்தார்.

"அப்ப அந்தச் சுறா சாவும்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன்.

"இனிமே ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லிப்போடுங்க சாமி. நான் கத்துவன். கத்துனாக் கத்திட்டுப் போறன்."

அதற்குப் பின் இருபது வருடம் அவரிடம் வேலை செய்தேன். அவர் கத்தினார், நான் சொன்னேன். தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கண்ணாடியின் கனம், சிமெண்டின் காரம், உப்பின் அளவு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆகாது என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு உயிர் ஆயிற்று.