முதல் நாள் கேள்வி கேட்காதே

எனக்குக் கோபம் சட்டென்று வரும். என்னிடம் பயிற்சிக்கு வந்த டாக்டர்களில் அதைப் பார்க்காமல் தப்பியவர் ஒருவரும் இல்லை. குழந்தைகளின் மனநலம் பார்ப்பது என் தொழில். ஆனால் பார்த்ததைவிட, பார்க்கக் கற்றுக்கொடுத்த வருஷங்கள்தான் அதிகம். குழந்தைக்கு மனசு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு வைத்தியமும் இருக்கிறது என்று அந்தக் காலத்தில் சொன்னால், "முதுகுல ரெண்டு போட்டா சரியாய்டும்" என்று டாக்டர்களே சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களில் சிலர் பிறகு என்னிடமே கற்றுக்கொள்ள வந்தார்கள். சிரித்ததை நான் மறக்கவில்லை, ஆனாலும் சொல்லிக்கொடுத்தேன்.

என் பயிற்சியில் ஒரு சட்டம் உண்டு. குழந்தையைப் பார்க்கும் முதல் நாள் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. உன் பேர் என்ன, என்ன படிக்கிறே, ஊஹூம், எதுவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து அது செய்கிற வேலையைச் செய்ய வேண்டும். டாக்டர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. "இதுக்குத்தான் மெடிக்கல் காலேஜ்ல அவ்ளோ வருஷம் குப்பை கொட்டினேனா?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலையில் ஒரு விடுதிப் பள்ளியிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறுமி, ஏழெட்டு வயதிருக்கும், பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லையாம். ஊமை, போதாக்குறைக்கு மந்தபுத்தி என்று ஹெட்மாஸ்டர் முடிவு கட்டியிருந்தார். அவளைக் கொண்டுபோகக் கீழேயிருந்து ஒரு காப்பகத்தின் ஜீப்பும் வந்து நின்றது. நான் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்த மாதிரிக் காப்பகங்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போன குழந்தை வீடு திரும்பி நான் கண்டதில்லை.

பலா மரத்தடியில் அவளுடைய அப்பா காத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "எம் புள்ள ஊமை இல்லம்மா. வூட்ல வாய மூடவே மூடாது. இங்க வந்து இன்னா ஆச்சின்னு நீயே கேளு."

"யோவ், அம்மாகிட்ட மரியாதையா பேசுய்யா!" என்று ஹெட்மாஸ்டர் பாய்ந்தார். அந்த மனிதருக்கு என்ன தப்புச் செய்தோம் என்றே புரியவில்லை. அவர்கள் வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் 'நீ'தான்.

என்னோடு வந்திருந்தவள் வாணியம்பாடிப் பெண், தோல் வியாபாரக் குடும்பம், புதிதாகப் படிப்பு முடித்த டாக்டர். வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி. இவளையா உள்ளே அனுப்புவது என்று எனக்கே பயம்தான். நானே போகலாம். ஆனால் நான் ஒருத்தி எத்தனை மலை ஏற முடியும்? "போ. கேள்வி கேட்டே, தொலைச்சுடுவேன்" என்று அனுப்பிவைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் சிறுமி புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இவளும் உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம்தான். பிறகு தொடங்கிவிட்டதே கச்சேரி! "எங்க காலா இருக்காங்க, எங்கம்மாவோட தங்கச்சி. பக்ரீத்துக்கு வாங்கின ஆட்டுக்கு அவ்ளோ செல்லம் குடுத்தாங்க. அது இன்னா பண்ணுச்சி, அவங்க புதுப் புடவையப் பாதி மென்னுடுச்சி. ஆட்ட ஒரு வார்த்த சொல்லல. எங்களத்தான் புடிச்சித் திட்டினாங்க..."

எனக்கு ரத்தம் கொதித்தது. சும்மா இரு என்றால் ஊர்க்கதை பேசுகிறாளே, பாவி! ஜன்னலைத் தட்டக் கையை ஓங்கிவிட்டேன்.

"நீ அதுக்குத் தழ போடலியா?"

சிறுமியின் குரல். கணீரென்று இருந்தது. "பசிக்காதா அதுக்கு?"

இந்த இடத்தில்தான் எல்லாரும் கெடுப்பார்கள். 'அட, பேசிட்டியே!' என்று கை தட்டுவார்கள், குழந்தை மறுபடியும் ஓட்டுக்குள் போய்விடும். இவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "போடல. எங்க மேலதான் தப்பு" என்று அடுத்த கொட்டையை எடுத்தாள். அப்பா, என்ன பொண்ணு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் சிறுமி தானாகவே கொட்டினாள். "பெரிய சாரு என்னக் கூப்ட்டான். இன்னா நீ கூப்ட்டேன்னு கேட்டேன். அறைஞ்சிட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. அதான் பேசல."

சிறுமி பேசுகிறாள் என்று யாரோ சொல்ல, அந்தப் பெரிய சார், ஹெட்மாஸ்டர்தான், வேகமாக வந்தார். என் டாக்டர்ப் பெண் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"பேசுதாமே? நான் என் காதால கேக்கணும்."

"நீங்க உள்ள போவக் கூடாதுங்க சார்."

"இது என் ஸ்கூலும்மா."

"ஸ்கூல் உங்களுதுங்க. புள்ள இப்ப என் பேஷண்ட். அது வூட்ல பேசுற மாதிரிதான் உங்ககிட்ட பேசிச்சி, நீங்க அடிச்சிட்டீங்க. இப்ப உங்க மூஞ்சியப் பாத்தா மறுபடியும் வாய மூடிக்கும். ஜீப்ப அனுப்பிடுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "நீங்க பெரியவங்க. நீங்க சொல்லுங்க. பேசிச்சா, இல்லியா?"

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார். ஆனால் நாளைக்கு நான் இல்லாத மலையில் இவள் பேச்சை யார் நம்புவார்கள்? என் வாய்க்கு வந்ததை விழுங்கினேன். "டாக்டர் அவங்கதான். அவங்க சொல்றதுதான் முடிவு" என்றேன்.

அவர் ஜீப்பை நோக்கி நடந்தார். டிரைவரிடம் ஏதோ சொன்னார். ஜீப் காலியாகவே மலையிறங்கியது.

சபாஷ் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அம்மா, நீங்களும் அந்தப் பக்கம் போங்க. ஜன்னல்ல உங்களப் பாத்தா புள்ள பேச்ச நிறுத்திடும்."

என்னிடம் அப்படிச் சொல்ல அதுவரை எந்த டாக்டருக்கும் துணிச்சல் வந்ததில்லை. மறுபேச்சில்லாமல் பலா மரத்தடிக்குப் போனேன். சிறுமியின் அப்பா எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, உன்னையும் தொரத்திட்டாளா?"

"ஆமாய்யா, தொரத்திட்டா" என்றேன். "என்கிட்ட படிச்ச பொண்ணு."