முப்பத்தொன்பதாவது பெட்டி

கோலார் தங்கவயலிலிருந்து தங்கத்துக்கு அடுத்தபடியாகக் கடல் தாண்டிய சரக்கு எது என்று கேட்டால், என்னுடைய கத்தரிக்காய் ஊறுகாய்தான் என்று கூசாமல் சொல்வேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் இந்தத் தம்மபாலன். என் பெயர் ஒட்டிய பாட்டில் இன்றைக்கு லண்டனில் எத்தனை மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது! மெத்தப் படித்தவர்கள் யாராவது செய்து காட்டட்டும், பார்க்கலாம். என் பெருமையை நானே பேச எனக்கு வெட்கமில்லை. ஆனால் முதல் கப்பலைப் பற்றிக் கேட்டால் மட்டும் வேறொருவர் பெயரைத்தான் சொல்வேன். அவர் பாலகாட் லைன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த மாணிக்கராஜ் மேஸ்திரி.

மேஸ்திரி சுரங்கத்தில் மரவேலை பார்த்தவர். பாறை குடைந்த இடம் இடிந்து விழாதபடி கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. பதினாறு வயதில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர், முப்பத்தைந்து வருடம் இறங்கினார். அளவு நாடா தொடமாட்டார். சாண் போட்டுப் பார்த்தே அறுப்பார், மயிரிழை பிசகாது. அவர் முட்டுக்கொடுத்த இடத்தில் நான் ஏழு வருடம் வேலை செய்திருக்கிறேன். என் தலையில் ஒரு கல் விழுந்ததில்லை. சர்ச்சில் அவர் பாடினால் தெருவில் போகிற ஜட்காக் குதிரை காதை நிமிர்த்தும் என்பார்கள். பாறைத்தூசி நெஞ்சில் இறங்கிய பிறகு பாட்டு நின்றுவிட்டது. மூச்சுதான் விசிலடித்தது.

1968ஆம் வருடம். எங்களோடு வேலை பார்த்து லண்டனுக்குக் குடிபோன வால்டர் அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். தங்கவயலை விட்டுப் போன குடும்பங்கள் நம்மூர் ஊறுகாய் கேட்டு நச்சரிப்பதாகவும், கிறிஸ்மஸுக்கு நாற்பது பெட்டி வேண்டுமென்றும் எழுதினார். என் மனைவி கண்மணியின் கைப்பக்குவம் அப்படிப்பட்டது. காடியும் எண்ணெயும் விட்டு அவள் சுண்டக் காய்ச்சி இறக்கினால், வருடம் திரும்பினாலும் பூஞ்சை அண்டாது. அப்போது சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்தது. கப்பல் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போகவேண்டும். எத்தனை நாள் சுற்றினாலும் எங்கள் சரக்கு கெடாது என்ற தைரியத்தில் சுரங்க வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஆண்டர்சன்பேட்டையே சிரித்தது. கப்பலைத் தவறவிட்டால் கிறிஸ்மஸ் போகும், கிறிஸ்மஸ் போனால் வால்டரும் போவார். விட்ட வேலையைத் திரும்பக் கேட்டு அதே கேட்டில் நான் போய் நிற்கவேண்டியதுதான்.

பாட்டில் உடையாமல் போக உறுதியான பெட்டி வேண்டும். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? பாறை உடைக்கிற வெடிமருந்து வந்திறங்கும் பலகைப் பெட்டிகள் காலியானதும் வீடுகளுக்கு வந்துவிடும். அரிசி அதில்தான், துணிமணி அதில்தான். எங்கள் வீட்டில் புத்தர் படம் இருந்ததே அதன்மேல்தான். மேஸ்திரி நல்லதாக நாற்பது பொறுக்கி, உள்ளே தடுப்புப் பலகை வைத்து, மரச்சீவல் திணித்து, ஒரு பாட்டில் இன்னொன்றோடு முட்டாதபடி அடுக்கித் தந்தார். ராபர்ட்சன்பேட்டையில் லாரி ஏற்றினேன். லாரிக்கு மாலை போடாததுதான் குறை.

மூன்றாம் நாள் மெட்ராஸிலிருந்து தந்தி வந்தது. துறைமுகத்தில் எங்கள் சரக்கைப் பார்த்துக்கொள்ள நான் அமர்த்தியிருந்த ஏஜெண்ட் முனிரத்தினம் அனுப்பியது. எனக்கு இங்கிலீஷ் படித்துச் சொல்கிறவள் மேஸ்திரியின் மகள் ஜெயசீலி, பள்ளிக்கூடத்து டீச்சர். தந்தியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

"பொட்டி மேல எல்லாம் 'அபாயம், வெடிமருந்து'ன்னு சுட்ட எழுத்து கீதாம். நிறுத்தி வெச்சிட்டாங்களாம். உடனே வரச் சொல்றாரு" என்றாள்.

மேஸ்திரி தான் உட்கார்ந்திருந்த பெட்டியிலிருந்து எழுந்து, குனிந்து அதைப் பார்த்தார். அதிலும் அதே எழுத்து, ஒவ்வொன்றும் நாலு விரல் உயரம்.

"அட ஏசப்பா! இத்தினி வருசமா இதும்மேல குந்திக்கினு கஞ்சி குடிக்கிறேன், ஒருநாளாவது கண்ணுல பட்டுதா பாரேன்!" சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார்.

"சிரிக்காதீங்க மேஸ்திரி. சனிக்கெழம கப்பலு. இன்னிக்கி வியாழன்."

"அதுக்கு இன்னா இப்ப? ஜெயசீலி, என் இழைப்புளி ரெண்டையும் எடும்மா. மொதலாளியோட மெட்ராஸ் பாத்துட்டு வரேன்."

"அப்பா, டாக்டர் இன்னா சொன்னாரு உங்ககிட்ட?"

"தூசியில நிக்காதேன்னாரு. அங்க கடக்காத்து அடிக்குது. தூசி ஏது?"

வெள்ளிக்கிழமை காலை துறைமுகக் கொட்டகையில் நின்றோம். சுங்க அதிகாரி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உள்ளே என்ன?"

"கத்தரிக்கா ஊறுகா, சார்."

"ஊறுகாய்க்கு எதுக்குய்யா அபாயம்னு போட்டிருக்கீங்க?"

மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு, "காரம் ஜாஸ்தி சார்" என்றார்.

அதிகாரியின் மீசை ஆடியது, சட்டம் ஆடவில்லை. எல்லாப் பெட்டியையும் திறந்து காட்டவேண்டும், ஓர் எழுத்துகூட மிஞ்சக்கூடாது என்றார். தார் பூசட்டுமா என்று கேட்டேன். சுரண்டினால் எழுத்து தெரியும், எந்தக் கப்பலும் ஏற்றாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். சனிக்கிழமை இரண்டு மணிக்குமேல் அந்தக் கப்பலுக்குச் சரக்கு வாங்கமாட்டார்கள்.

நாற்பது பெட்டி, பெட்டிக்கு இரண்டு பக்கம். நானும் ஓர் இழைப்புளியை எடுத்து வேகமாகத் தள்ளினேன். பலகையில் பள்ளம் விழுந்தது.

"யோவ் மொதலாளி, பலகைய இழைக்கிறியா, முள்ளங்கி சீவுறியா? அத்தக் கீழ வையி. பாட்டில எடு, பொட்டியப் பொரட்டு, அது போதும்."

உலகத்தில் எனக்கு வராத வேலை அது ஒன்றுதான். நான் பாட்டில்களை எடுத்தேன், புரட்டினேன், திரும்ப அடுக்கினேன். அவர் இழைக்க இழைக்கக் கருகிய எழுத்து சுருள்சுருளாகக் காலடியில் விழுந்தது. சோதனையில் சிதறிப்போன மரச்சீவலுக்குப் பதிலாக அந்தச் சுருளையே பெட்டிக்குள் திணித்தோம்.

வெள்ளிக்கிழமை கொட்டகை சாத்துவதற்குள் இருபத்திரண்டு முடிந்தது. சனிக்கிழமை காலையில் அவர் மூச்சின் விசில் கிரேன் சத்தத்தையும் மீறிக் கேட்டது. முனிரத்தினம் பயந்துபோய், "பெரியவரே, கூலிக்கு ஆள் பிடிக்கட்டுமா?" என்றார்.

"ஆழமா சுட்ட எழுத்து, தம்பி. தெரியாத கை பட்டா பலகை மெலிஞ்சிடும். நடுக்கடல்ல இவன் ஊறுகாய மீனுதான் துண்ணும்."

முப்பத்தெட்டாவது முடிந்தபோது மணி ஒன்றரை. முப்பத்தொன்பதாவதை இழுத்து வைத்தார். இழைப்புளி பாதிப் பலகை போய் நின்றது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஒரு நிமிசம் குடு" என்றார், பெட்டியைப் பிடித்தபடி.

நாற்பது என்று வால்டருக்கு எழுதியவன் நான். நாற்பது பெட்டி கப்பலில் போகிறது என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான். ஒரு நிமிடம் கொடுத்திருந்தால் அவர் முடித்தே இருப்பார். அவர் கையிலிருந்து இழைப்புளியைப் பிடுங்கினேன்.

"முனிரத்தினம், முப்பத்தெட்டுன்னு எழுதிக்கப்பா."

"நாப்பதுன்னு சொன்னியேடா!" அதுவரை அவர் என்னை 'டா' போட்டதில்லை.

"நாப்பதையும் அனுப்பிட்டு, உங்கள எந்தப் பொட்டியில வெச்சி எடுத்துக்கினு போறது? ஜெயசீலிக்கு யாரு பதில் சொல்றது? பேசாம குந்துங்க."

முனிரத்தினம் காகிதத்தில் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டு ஓடினார். அதிகாரி பெட்டிகளைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கிரேன் எங்கள் பெட்டிகளைத் தூக்கியபோது இழைத்த பக்கங்கள் வெயிலில் பளிச்சென்றன. மேஸ்திரி ஒரு மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, கடைசிப் பெட்டி ஏறும்வரை உதட்டுக்குள் எண்ணினார்.

டிசம்பரில் வால்டர் கடிதம் வந்தது. ஒரு பாட்டில்கூட உடையவில்லை, அடுத்த முறை நூறு பெட்டி வேண்டும். இரண்டு குறைந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. பெட்டியை இப்படி வழுவழுப்பாக இழைத்தது யார் என்று மட்டும் கேட்டிருந்தார். ஜெயசீலி பதில் எழுத உட்கார்ந்தாள்.

"அபாயத்த எடுத்துட்டோம், காரம் அப்பிடியேதான் கீதுன்னு எழுதும்மா" என்றார் மேஸ்திரி.

அதன்பின் ஐந்து வருடம் இருந்தார். அந்த ஐந்து வருடமும் என் பெட்டி எதுவும் அவர் தட்டிப் பார்க்காமல் லாரி ஏறியதில்லை. இன்று என் கம்பெனியில் இரும்பு பீரோ உண்டு, சுழல் நாற்காலி உண்டு, எல்லாம் என் உழைப்பு. ஆனால் நான் உட்காருவது மெட்ராஸிலிருந்து திரும்பி வந்த அந்த முப்பத்தொன்பதாவது பெட்டிமேல். எழுத்தில் பாதி இன்னும் கருப்பாக நிற்கிறது. மீதிப் பாதி அவர் கை போன இடம். வருகிறவர்கள் சங்கடப்பட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளுவார்கள். அவர்களையே அதில் உட்காரச் சொல்லிவிட்டு, இந்தக் கதையைச் சொல்வேன்.