பழைய லென்ஸ் காட்டிய கீறல்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. அப்போது ஓரகடத்தில், வாகன உதிரிபாகம் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். பிள்ளைப்பாக்கத்தில் வாடகை அறை. தென்காசிப் பக்கத்திலிருந்து தனியாக வந்தவனுக்கு லீவு நாளில் துணை ஒரு மிரர்லெஸ் கேமராதான். அதில் அடாப்டர் வளையம் போட்டு, என்னைவிட வயதில் மூத்த மேக்ரோ லென்ஸ் ஒன்றை மாட்டியிருந்தேன். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, எல்லாம் கையால் திருப்ப வேண்டும். எறும்பின் கண்ணைப் படமெடுத்துவிட்டு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வாரம், பளபளவென்று வர வேண்டிய அலுமினிய மூடிகளில் மெல்லிய கீறல் விழ ஆரம்பித்தது. வாங்குகிற கம்பெனி பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பியது. மூடிகளைக் கடைசியாகத் தொட்டு பேக் செய்பவர், வடக்குப்பட்டிலிருந்து வரும் ஒரு அக்கா. காண்ட்ராக்ட் வேலை. அவர் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடியது. எங்களிடம் இருந்த பூதக்கண்ணாடியில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. "கையாளும்போது ஏற்பட்ட கீறல்" என்று ரிப்போர்ட் எழுதினேன். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை, இனி வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஷிப்ட் பஸ்ஸில் ஏறப் போனவர் திரும்பி என்னிடம் வந்தார்.

"என் கை இல்ல சார். இன்னாத்த பாத்து அப்டி எழுதுனீங்க?"

அழவில்லை, கத்தவும் இல்லை. சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி, கழித்துப் போட்ட இரண்டு மூடிகளை அறைக்குக் கொண்டுபோனேன். உண்மையைச் சொன்னால், அவருக்காக அல்ல. நான் எழுதியது சரிதான் என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான்.

ஞாயிறு காலை, ஜன்னலோரம் ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தினேன். அதிர்வு கூடாதென்று ஃபேனை நிறுத்தினேன். அவ்வளவு கிட்டத்தில் மயிரிழை நகர்ந்தாலும் படம் கலங்கிவிடும். வளையத்தை மெல்ல மெல்லத் திருப்பினேன். ஃபோகஸ் சரியாக விழுந்த விளிம்பு திரையில் சிவப்பாக மின்னியது.

கண்ணாடி மாதிரி இருந்த உலோகம் உழுத நிலம்போல வரிவரியாகக் கிடந்தது. அதன் குறுக்கே நான் "ஒரு கோடு" என்று நினைத்தது கோடே இல்லை. ஐந்து சின்னப் பள்ளங்கள், அளந்து வைத்ததுபோல் சம இடைவெளியில். இரண்டாவது மூடியை வைத்தேன். அதே இடம், அதே ஐந்து. எந்த மனுஷக் கையாலும் அப்படிக் கீற முடியாது. வேர்த்துக் கொட்டியது, ஃபேனைப் போடக்கூடத் தோன்றவில்லை.

திங்கள் காலை மேனேஜரிடம் படத்தைக் காட்டினேன். மூடியைத் தூக்கி வைக்கும் மெஷினின் பிடியைக் கழற்றினார்கள். ரப்பர் தேய்ந்து, உள்ளேயிருந்த ஐந்து இரும்புப் பற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தப்பு என்னுடையது என்று புது ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே அந்த அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு, படத்தை அவரிடம் நீட்டினேன். அதை ஒரு நொடிதான் பார்த்தார். கையுறையைக் கழற்றினார், கீறிய மூடி ஒன்றை எடுத்தார், கண்ணை மூடி ஆள்காட்டி விரலை மெதுவாக அதன்மேல் ஓட்டினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதல் நாளே தெரியுமா என்று கேட்டேன்.

"தெனம் இத்தத்தான தொட்டுக்கினு இருக்கறேன் சார், கிளவுஸ் போட்டுக்கினாலும் வெரலுக்குத் தெரியாதா? என்னை யாரும் கேக்கல."

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். ரிப்போர்ட்டில் கை வைக்குமுன் லைனுக்குப் போய், அந்தப் பொருளைத் தொட்டு வேலை செய்கிறவரிடம் முதலில் கேட்கிறேன். பழைய லென்ஸை மாட்டி எத்தனையோ அதிசயங்களைப் பார்த்துவிட்டேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வரை எண்ணிய அந்த விரலை நினைக்கும்போது வருகிற பிரமிப்பு மட்டும் இன்னும் அடங்கவில்லை.