தாயோடு வராத குட்டி

கிடாவின் வாயைத் திறந்து, கீழுதட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, பல்வரிசையைச் செல்போனுக்குக் காட்டுகிறார் ஜெயசுதா. "ரெண்டு பல்லு போட்டுருக்குது. நல்லா பாத்துக்குங்க. அப்பறம் போன் பண்ணி வயசு இன்னான்னு கேக்காதீங்க." கிடா திமிறுகிறது. முழங்காலால் அதன் விலாவை அணைத்துப் பிடிக்கிறார். இன்னொரு கையிலிருக்கும் போன் அசைவதில்லை. மைக்குக்கு மேல் ஒரு கைக்குழந்தையின் ஒற்றைக் காலுறை மாட்டியிருக்கிறது. காற்று இரையாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரி மலையைப் படம் எடுப்பார்கள். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்டைப் படம் எடுப்பவர் சந்தை டீக்கடையில் வாராவாரம் உட்காருகிற எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் சந்தைக்கு வந்துவிடுவார். எந்த ஆடு என்ன விலைக்குப் போகிறது என்று இவருடைய யூடியூப் சேனலில் பார்த்துவிட்டுத்தான் அவலூர்பேட்டையில் ஆட்டை வண்டியில் ஏற்றுகிறார்கள். தண்ணீரை ஊற்றி வயிற்றை உப்ப வைத்த ஆடு கண்ணில் பட்டால் போதும், விலாவில் தட்டி, "இது சதை இல்ல, எல்லாம் கொழாத் தண்ணி" என்று கேமரா முன்பே போட்டு உடைத்துவிடுவார். வியாபாரிகள் திட்டுவார்கள். அடுத்த வாரம் அவர்களே கூப்பிட்டு, "ஏம்மா, நம்ப ஆட்டையும் எடும்மா" என்பார்கள்.

ஜெயசுதா முன்பு ஷூ கம்பெனியில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். இருட்டோடு கம்பெனி பஸ் ஏறி இருட்டோடு இறங்குகிற வேலை. பசை வாடையில் தலைவலி தீராமல் போய், ஒருநாள் நின்றுவிட்டார். கணவர் தேவேந்திரன் கொத்தனார், அதிகம் பேசாத மனிதர். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பொங்கல் வரிக்கும் ஆட்டுப் படத்த எடுத்துப் பாரு. காசு வரலன்னா மறுபடியும் பஸ்ஸுதான்." ஜெயசுதாவும் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து பொங்கல் என்றாலே அவருக்குக் கரும்பு ஞாபகம் வருவதில்லை.

படத்துக்குப் பாட்டு வேண்டுமே. சினிமாப் பாட்டைத் தொட்டால் உரிமைக்காரன் வந்துவிடுவான். எழுதிக் கொடுத்தால் தானே இசை போட்டுத் தருகிற ஏஐ செயலி ஒன்றை இலவசமாக இறக்கிக்கொண்டார். ஆட்டுச் சந்தை என்று எழுதியதற்கு முதலில் அது புல்லாங்குழல் ஊதியதாம். "எழவு வூடு மாரி இருந்துச்சி சார். பம்பை, உடுக்கை, கூட்டம், குஷின்னு வரிசயா எழுதிப் போட்டன். அப்பறம் பாருங்க, தூக்குச்சி!" உண்மையிலேயே தூக்கியது. சந்தையில் பாதிப் பேரின் போன் அந்தப் பம்பையில்தான் அலறுகிறது.

இந்தக் கார்த்திகையில் யூடியூப் கேட்கிற பார்வை நேரம் நிறைந்தது. காசுக்கு விண்ணப்பிக்கலாம் என்று தகவல் வந்தது. வேறு யாராக இருந்தாலும் லட்டு வாங்கப் போயிருப்பார்கள். இவர் துணியை ஊற வைத்துவிட்டு, அந்தப் பாட்டுச் செயலியின் விதிகளைப் போனிலேயே தமிழாக்கி வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தார். இலவசமாகப் போட்ட பாட்டைப் பொழுதுபோக்குக்கு வைத்துக்கொள்ளலாம், சம்பாதிக்கிற வீடியோவில் வைக்கக் கூடாது என்று இருந்தது. மாதச் சந்தா கட்டினால் வைக்கலாம். உடனே கட்டிவிட்டு நிம்மதியாகத் துணி துவைக்கப் போனார்.

தப்பு நடந்தது அங்கேதான். சந்தையில் தாயாட்டை விலை பேசினால் மடி குடிக்கிற குட்டியும் அதோடு வந்துவிடும். செயலியை வாங்கியாயிற்று, பழைய பாட்டும் கூடவே வரும் என்று நினைத்துவிட்டார். மறுநாள் மிச்ச விதிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது: சந்தா கட்டிய பிறகு போடுகிற பாட்டுக்கே உரிமை. முன்னால் போட்டது பழையபடி இலவசக் கணக்குதான்.

"வாரத்துக்கு, பங்குக்கு வளக்கப் புடிச்ச ஆடு மாரி சார் இது," என்றார் என்னிடம். "நம்ப வூட்ல கட்டி மேய்க்கலாம். அதுக்குன்னு ஆட்டுக்காரன கேக்காம குட்டிய விக்க முடியுமா? அப்பறமா ஆட்டையே வாங்கினாலும் முன்ன போட்ட குட்டி நம்புளுது ஆவாது."

கொழுந்தன் பிரசாந்த் கூட்ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். "வுடுங்க அண்ணி, எவனுக்குத் தெரியப் போவுது?" என்றார். நானும் மனசுக்குள் அதையேதான் சொன்னேன். ஜெயசுதா காதில் வாங்கவில்லை. "நாளைக்கி எவனாவது வந்து கேட்டா காட்டறதுக்கு எங்கிட்ட இன்னா இருக்குது? தூக்குனா சேனலயே தூக்கிடுவான். பாட்ட எடு."

கொழுந்தனும் அண்ணியுமாக உட்கார்ந்து பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பாட்டில்லாத மூலப் படம் இருந்தவற்றுக்குப் புதுப் பாட்டுப் போட்டு மறுபடி ஏற்றினார்கள். அவற்றின் பழைய பார்வை நேரம் போனது, ஆனாலும் கணக்கு தாங்கியது. புதுப் பம்பை பழைய பம்பை அளவுக்கு எடுபடவில்லை என்பது என் கட்சி. "பழகிடும்" என்பது அவர் கட்சி.

ஒரே ஒரு வீடியோ மட்டும் வழிக்கு வரவில்லை. போன பக்ரீத் சந்தை. சேனலிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். பார்வை நேரத்தில் பெரும்பகுதி அதன் தயவு. போனில் இடமில்லை என்று அதன் மூலத்தை எப்போதோ அழித்துவிட்டிருந்தார். பாட்டை மட்டும் பிரிக்கும் ஒரு மென்பொருளைப் பிரசாந்த் ஓட்டிப் பார்த்தார். அது ஆடு கத்துவதையும் பாட்டு என்றே எடுத்துக்கொண்டது. மிஞ்சியது, ஆடுகள் ஊமையாக வாய் திறக்க, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற ஜெயசுதா. மூவரும் சிரித்தோம். ஜெயசுதாதான் முதலில் நிறுத்தினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தை கலைகிற நேரம், டீக்கடை பெஞ்சில் பிரசாந்த் கடைசியாக மன்றாடினார். "அத மட்டும் காசு வராம போட்டு வச்சிக்கலாம் அண்ணி. அழிச்சா அதோட நேரமும் பூடும். விண்ணப்பம் நிக்காது. பொங்கலுக்கு நாளும் இல்ல."

"அதுல தீவனக் கடைக்கி விளம்பரம் பேசியிருக்கறன். காசு வாங்கல, மூட்ட வாங்கினன் இல்ல? அதுவும் சம்பாத்தியந்தான்."

"அந்தக் கடக்காரனே மறந்திருப்பான்!"

"நா மறக்கலையே. ஒங்கண்ணனுக்கு நேத்தே சொல்ட்டன். பொங்கலுக்குள்ள நேரம் சேரலன்னா பஸ் ஏறிக்கறன், வெள்ளிக்கெழம லீவு போட்டுனு சந்தைக்கி வந்துக்கறன்னு."

அந்தப் பசை வாடையை நான் முகர்ந்ததில்லை. ஆனால் அந்தத் தலைவலியோடு அவர் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போவதை இதே கடையிலிருந்து பார்த்திருக்கிறேன். "ஒரு வாரம் யோசிம்மா," என்றேன்.

"யோசிச்சா மனசு மாறிடும் சார்," என்று போனை எடுத்தார். அழித்தால் திரும்பி வராது, சம்மதமா என்று அது கேட்டது. கட்டத்தில் குறி வைத்துவிட்டுக் கட்டைவிரலை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. விரல் முழுக்க ஆட்டு எச்சிலும் புழுதியும். திரை அந்த விரலை ஏற்கவில்லை. பிரசாந்த் சட்டென்று நிமிர்ந்து, "பாத்தீங்களா, அதுக்கே மனசு வரல" என்றார்.

ஜெயசுதா விரலை முந்தானையில் துடைத்தார். திரையையும் துடைத்தார். பிறகு நிதானமாக, இன்னொரு முறை அழுத்தினார்.