இருட்டறைக் கதவும் றோசமேரியும்

கண்டக்குழி மீன்பிடிக் குடும்பத்துப் பெண் றோசமேரி ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். யுத்தம் முடிந்து ஆறாம் வருடம், சளியில் காசநோய்க் கிருமி தேடும் ஒளிர் நுணுக்குக்காட்டி என்ற மைக்ரோஸ்கோப்பை அவள் தலையில் கட்டினார்கள். அதை இருட்டறையில்தான் பார்க்க வேண்டும். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும். கதவில் மூன்று பாஷையில் எழுதி ஒட்டியும் ஒருவரும் மதிப்பதில்லை.

அந்த வாரம் கதவைத் திறந்துகொண்டே இருந்தவர் கனமூலைக் கிராமத்து அத்தாஉல்லா. பிறந்து நான்கு நாளான அவருடைய குழந்தை ஆணா பெண்ணா என்று உடலைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தின் அறிக்கை வர ஒரு மாதமாகும். வீட்டாரோ ஏழாம் நாள் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பிழையாக வைத்தால் ஆயுளுக்கும் சுமக்கப்போவது அந்தப் பிள்ளைதான். ஆகவே டொக்டர், கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிச் சாயமேற்றி அதே நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார். ஆணென்றால் பாதி உயிர்க்கலங்களிலாவது, கலக்கருவுக்குள் ஆண்களுக்கே உரிய ‘வை’ (Y) நிறமூர்த்தம் மின்னும் புள்ளியாகத் தெரியும். பெண்ணென்றால் அநேகமாக இராது.

றோசமேரி நூறு கலங்களை எண்ணினாள். பதினெட்டில் புள்ளி. ஆணுக்குக் குறைவு, பெண்ணுக்கு அதிகம். மறுபடி எண்ணினாள், அதே பதினெட்டு. இடையிடையே ஏதோ நார் வேறு.

கதவு திறந்தது. அத்தாஉல்லாதான். "என்ன மிஸ், மகனா மகளா?"

"கதவச் சாத்துங்க நானா. புள்ளைட வாயில என்ன வச்சீங்க?"

"நான் ஒண்டும் வைக்கல்ல. காலையில என்ட கூடப்பிறந்த மூத்த நானா, நெய்னார் மௌலவி, ஈத்தம்பழத்த மெண்டு அண்ணத்துல தடவினார். நபி காட்டின சுன்னத்துதானே."

றோசமேரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அரை நாளாகக் கண் பூத்து அவள் எண்ணியது, எச்சிலோடு பிள்ளைக்கு ஒட்டிய மௌலவியின் வாயை. அவர்களுடைய சுன்னத்தைக் குறை சொல்ல அவள் யார்? ஒரு வார்த்தை முன்னமே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மறுநாள் பிள்ளையின் வாயைத் துடைத்துத் தானே சுரண்டி எடுத்தாள். கதவுக்கு உள்ளேயிருந்து தான் உட்காரும் கதிரையை முட்டுக்கொடுத்தாள். இருநூறு கலங்கள். ஒன்றிலும் புள்ளி இல்லை. டொக்டரும் பார்த்துவிட்டு, பெண்பிள்ளைதான், பெயரை வையுங்கள் என்று அத்தாஉல்லாவிடம் சொன்னார்.

அத்தாஉல்லா றோசமேரியிடம் வந்தார். "அப்ப இனித் தூக்கலாம்தானே மிஸ்? மகனெண்டு கூப்பிடவா மகளெண்டு கூப்பிடவா எண்டு தெரியாம, அஞ்சு நாளா நான் தொடவே இல்ல."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கண்ணும் கலங்கியது.

"ஆர் உங்களைத் தூக்க வேணாமெண்டது? மகனோ மகளோ, அஞ்சு நாளா அழுதது உங்கட புள்ளதானே. போங்க நானா, போய்த் தூக்குங்க."