கல்லறைப் பூவும் நடுவர் டெல்மரும்

எங்கள் நெப்ராஸ்கா ஊரில் டெல்மர் ப்ரூன்ஸ்மேனைத் தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் கொடுத்து வைத்தவர். காலமெல்லாம் டிராக்டர் கடையில் போல்ட்டும் நட்டும் விற்ற மனிதர், மே மாதக் கடைசியில் டை கட்டிக்கொண்டு ஐரிஸ் பூக் கண்காட்சிக்கு நடுவராகிவிடுவார். அப்புறம் அவருக்குத் தரையில் கால் பாவாது.

ஐரிஸுக்கு ஆறு இதழ். மூன்று மேலே நிமிர்ந்து நிற்கும், மூன்று கீழே தொங்கும். கடவுள் அதோடு நிறுத்திக்கொண்டார். டெல்மருக்கு அது போதாது. இதழ் ஓரமெல்லாம் குழந்தை கவுன் மாதிரி ஃபிரில் வைத்திருக்க வேண்டும். வருடா வருடம் அப்படிப் புது ரகம் வாங்கி நடுவார். பாதி எங்கள் ஊர்ப் பனியில் அழுகும். மறுபடி வாங்குவார். பழைய ரகங்களுக்கு அவர் வைத்த பெயர் கல்லறைப் பூ. கவனிக்க ஆளில்லாத கல்லறைத் தோட்டத்திலும் அது பாட்டுக்குப் பூத்து நிற்கிறதே, அதுதான் அது செய்த குற்றம்.

இதே மனிதர் கல்யாணமான புதிதில் தானும் ஒரு ரகம் உண்டாக்கினார். பிரஷ்ஷால் மகரந்தம் தொட்டு வைத்து, விதை போட்டு, வெளிர் மஞ்சளில் பூத்ததற்கு 'லேடி அர்லீன்' என்று மனைவி பெயரையே பதிவு செய்தார். ஃபிரில் பைத்தியம் பிடித்ததும் அதைத் தோண்டி ஓடைக்கரையில் வீசினார். அர்லீன் ஓடைக்கரைக்குப் போனாள். கிழங்குகளைப் பொறுக்கி வந்து, கொல்லையில் கேஸ் டாங்குக்குப் பின்னால் நட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் டெல்மர் எட்டிப் பார்த்ததே கிடையாது. அங்கே புல் வெட்டுவதும் அவள்தானே.

வெளிவந்து முப்பது வருடம் ஆன ரகத்தைத்தான் கண்காட்சியின் பழைய ரகப் பிரிவில் வைக்கலாம். ஒரு வருடம் லேடி அர்லீனுக்கும் அந்த வயது வந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காலையில் நான் போட்டிக்கு வந்த பூக்களை வாங்கி, பாட்டில்களில் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அர்லீன் அதில் ஒரு தண்டைப் பூவோடு கொண்டுவந்து நீட்டினாள். பாட்டிலில் கட்டும் சீட்டில் பூவின் பெயர் வெளியே தெரியும், கொண்டுவந்தவர் பெயரை மடித்து மறைத்துவிடுவோம். வீட்டார் பூவை நடுவர் பார்க்கக் கூடாது, தெரிந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு நினைவூட்டினேன்.

"பரிசுக்கா கொண்டாந்தேன், வில்மா? பூவ அடையாளம் தெரிஞ்சு ஒதுங்கிக்கட்டும். அது போதும் எனக்கு" என்றாள். சொல்லிவிட்டு ருபார்ப் கேக் வெட்டச் சமையலறைக்குப் போனாள்.

டெல்மர் சீட்டைப் படிக்கிற ஆளில்லை. பழைய ரகத்தை அதன் காலத்து அளவுகோலால்தான் அளக்க வேண்டும், அதற்குப் பெயர் தெரிய வேண்டும். நடுவர் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். பேரைப் பார்த்து மார்க் போடுகிறவன் தபால்காரன் என்று இவர் ஒரு தத்துவம் வைத்திருந்தார். பக்கத்தில் நிற்கிற உதவியாளோ, நடுவர் முடிக்கும் வரை வாய் திறக்கக் கூடாது. அந்த உதவியாள் நான்.

பழைய ரக மேசைக்கு வந்ததுமே டெல்மர் முகத்தைச் சுளித்தார். லேடி அர்லீன் முன்னால் நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் நின்றேன். ஒரு கணம் அவர் தலை சாய்ந்தது. தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"ஈரத் துணி காயப்போட்ட மாதிரி தொங்குது. எடுப்பும் இல்ல, இடுப்பும் இல்ல. வயசாயிட்டா வீட்டோட கெடக்கணும், இங்க என்ன வேல?" என்று சொல்லி, பாட்டிலை விரலால் மேசை ஓரத்துக்குத் தள்ளினார். பரிசு ரிப்பன் கிடையாது. அடுத்த பாட்டிலுக்கு நகர்ந்தார்.

மேசை முடிந்ததும் முடிவுகளைப் படிப்பது என் வேலை. கடைசி இடத்தை வேண்டுமென்றே உரக்கப் படித்தேன். "லேடி அர்லீன்."

"எந்த அர்லீன்?" என்றார் டெல்மர்.

சமையலறையின் பரிமாறும் ஜன்னலில் கேக் தட்டோடு அர்லீன் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவரைப் பார்க்காமல் என்னிடம்தான் பேசினாள்.

"என் பேர் வச்ச பூவ இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் இந்த மனுஷன் நின்னு பாத்தாரு, வில்மா. பாத்தும் தெரியல."

டெல்மரின் டைக்கு மேலே கழுத்து சிவந்தது. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் மகரந்த பிரஷ்ஷை எடுத்தார், மறுபடி வைத்தார். "அத இப்படிக் குடு. இன்னொரு தடவ பாக்கறேன்" என்று கை நீட்டினார்.

எத்தனையோ வருடமாக வாயை மூடிக்கொண்டு அவர் பின்னால் நடந்தவள் நான். பாட்டிலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பாக்கக் கூடாது, டெல்மர். இது உங்க வீட்டுப் பூ."